மூன்று தென்னேரி இறங்கியாச்சு

கண்டக்டர் வேலையில் ஆள் ஏறுவதில்லை, ஊர்தான் ஏறும். ஆள் இறங்குவதில்லை, ஊர்தான் இறங்கும்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தென்னேரிக்குப் போன ஒரு தனியார் பஸ்ஸில் பதினாலு வருஷம் கண்டக்டராக இருந்தேன். இப்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வயசு ஐம்பத்து மூன்று. உட்கார்ந்து செய்யும் வேலையில் ஒரு கெடுதல், யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. அத்தனை வருஷம் நின்றுகொண்டே நான் யாரைப் பார்த்தேன், எதைப் பார்த்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். படிக்கட்டில் தொங்கியவர்களுக்கும், சில்லறை இல்லாமல் திட்டு வாங்கியவர்களுக்கும், அந்தத் திட்டைக் கொடுத்த என் தொழில்காரர்களுக்கும் இது புரியும்.

வேடிக்கையான சங்கதிகளைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எதை எழுதினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் இரண்டு நாள் ஏரியில் வலை போட்டு ஓர் ஆளைத் தேடியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோழிக்கூடை

கண்டக்டருக்குப் பேர் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் கிடையாது. கண்ணில் எது முன்னால் படுகிறதோ அதைப் பிடித்து இழுப்பதுதான் வழி. "மஞ்சப் பை, முன்னால போ." "குடை, காலை மடக்கு." "பச்சைச் சட்டை, டிக்கெட் வாங்கிட்டியா?" இப்படித்தான் கத்துவோம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பச்சைச் சட்டைக்காரர் தன் சட்டையைக் குனிந்துகூடப் பார்க்காமல், "ஆச்சுபா" என்பார். நான் சட்டையோடு பேசவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பஸ்ஸுக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை ரங்கசாமி குளத்தருகே ஓர் அம்மாள் ஏறினாள். தலையில் கூடை, கூடைக்குள் நாலு கோழி. படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் பத்துப் பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். "கோழிக்கூடை, உள்ள போ! கோழிக்கூடை, உள்ள போ!" என்று நான் நாலு தடவை கத்தினேன். அவள் நிதானமாகக் கூடையை இறக்கி, உட்கார்ந்திருந்தவர்களின் மடிக்கு மடியாக உள்ளே தள்ளிவிட்டாள். கூடை கடைசி சீட் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் மட்டும் படிக்கட்டிலேயே நின்றாள். நான் முறைத்தேன். அவள் சொன்னாள்: "கோழிக்கூடை உள்ள போயிடுச்சுபா. நான் எப்போ போகணும்னு சொல்லவே இல்லியே?"

விசில்

எங்கள் டிரைவர் முனுசாமி அண்ணன் என்னைவிட ஆறு வயசு மூத்தவர். அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி உண்டு. அதைத் திருப்பி வைத்திருக்கும் விதத்தில் படிக்கட்டும், அதில் ஏறுகிற கால்களும் மட்டுமே தெரியும். முகம் தெரியாது. அதனால் அவருக்கு எங்கள் வழித்தடமே கால்களால் ஆனது. "வெடிப்புக் கால் இன்னிக்கு வரலியே, உடம்பு சரியில்லையா?" என்பார். "கொலுசு ஏறிடுச்சா? அப்போ எடுக்கலாம்." நான் எந்த ஆளைச் சொல்கிறாரென்று குழம்புவேன். எனக்கு வெடிப்புக் கால்காரர் 'வாலாஜாபாத், மூட்டைக்கு அரை டிக்கெட்'. கொலுசுக்காரி ஐயம்பேட்டை. ஒரே ஆளை நாங்கள் இரண்டு பேரும் பதினாலு வருஷம் பார்த்தோம், அவர் ஒரு முனையில், நான் ஒரு முனையில்.

என்னை அவர் எந்த முனையில் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஒரு நாள் தெரிந்தது. பல் வலியில் நான் கொஞ்சம் அசந்துவிட்டேன். எல்லாரும் ஏறி முடித்தும் நான் விசில் கொடுக்கவில்லை. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சத்தம் போட்டார்: "இன்னாபா, விசிலு உயிரோட இருக்குதா, இல்ல எறங்கிப் போயிடுச்சா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

தினமும் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் பள்ளிக்கூடத்துக்குப் போகிற சீனிவாசன் என்ற தமிழ் வாத்தியார் என் கத்தலை ரொம்ப நாளாகக் கவனித்து வந்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர். "நீங்க காலையிலேருந்து கத்துறது பூரா ஆகுபெயர்ங்க" என்றார். ஒன்றின் பேர் அதோடு சம்பந்தப்பட்ட இன்னொன்றுக்கு ஆகிவருவது என்று விளக்கினார். ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளவர்கள் சிரித்தார்கள். அது நானும் எட்டாவதில் படித்ததுதான். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. "பேர் எங்கியும் போகல சார். பச்சைச் சட்டை சட்டையாத்தான் இருக்குது. நான் அதைத் தொட்டேன், ஆள் திரும்பினாரு. அகப்பைக் காம்பைப் பிடிச்சா அகப்பை வருது. காம்பு அகப்பையா மாறிடுச்சா?" என்றேன். அதற்குள் அவர் நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அவரே ஆரம்பித்தார். மொழியை ஆராய்கிறவர்களில் சிலர் இப்போது என் கட்சியாம். இது பேச்சுக்கு மாட்டுகிற நகை அல்ல, மனசு வேலை செய்கிற முறையே இப்படித்தான் என்கிறார்களாம். முழுசாக எதையும் பிடிக்க மனசுக்குக் கை போதாது. அதனால் பக்கத்திலிருக்கிற, சட்டென்று கண்ணில் படுகிற ஒன்றைப் பிடித்து, அதன் வழியாக மற்றதற்குப் போகிறது. நிலா மாதிரி முகம் என்பது வேறு. அங்கே இரண்டு தூரத்துச் சாமானை ஒப்பிடுகிறோம். இங்கே ஒப்பீடே இல்லை. ஒரே சட்டிக்குள் கிடக்கிற சாமானில் ஒன்றைக் காட்டி இன்னொன்றை எடுக்கிறோம். பஸ் என்றால் டிரைவர், சீட்டு, மூட்டை, ஊர் எல்லாம் ஒரே சட்டி. காஞ்சிபுரத்தில் பெண் கேட்க வருகிறவர்கள் "உங்க வீட்ல எத்தனை தறி?" என்றுதானே முதலில் கேட்கிறார்கள்? மரத்தையா கேட்கிறார்கள்? சொத்து, ஆள் பலம், மரியாதை, எல்லாம் தறி வழியாகத் தெரிந்துவிடுகிறது.

"ஆனா ஒண்ணு," என்றார் வாத்தியார். "எந்தக் காம்பைப் பிடிக்கிறோமோ அந்தப் பக்கம் மட்டும்தான் நல்லாத் தெரியும். மத்தது மறைஞ்சுடும்." அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாலாஜாபாத் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டேன். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். நான் சிரித்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி சொன்னார்: "வீட்டைக் கேட்டா வீடு பதில் சொல்லுமான்னு கேக்குறீங்க. எங்க வீடு சொல்லும்ங்க, கேக்காமலேகூடச் சொல்லும்."

மூன்று தென்னேரி

காஞ்சிபுரத்தில் கருடசேவைத் திருவிழாவுக்கு மறுநாள். மதிய ட்ரிப். ஊரிலிருந்த கூட்டமெல்லாம் ஒரே சமயத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருந்தது. வாலாஜாபாத்துக்குத்தான் நிறைய. தென்னேரிக்கு மூன்றே சீட்டு. வாலாஜாபாத்தில் முக்கால் பஸ் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கியது. யார் இறங்கினார்கள் என்று பார்க்க முடியவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. வாலாஜாபாத் இறங்கியாச்சு. அதன் பிறகு அங்கங்கே இரண்டொருவர். கடைசியில் தென்னேரியில் மூன்று பேர் இறங்கினார்கள். விசில் கொடுத்தேன். மனசுக்குள் கணக்கு நேரானது.

அடுத்த நாள் காலை தென்னேரி நிறுத்தத்தில் ஒரு பெண் தன் தம்பியோடு காத்திருந்தாள். பேர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. "நேத்து மதியானம் உங்க வண்டியில ஏறினவரு இன்னும் வூடு வந்து சேரலண்ணா" என்றாள். யாரம்மா என்றேன். "எங்க வூட்டுக்காரருண்ணா." பேர் கேட்டேன். அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. தம்பி சொன்னான்: "ஏகாம்பரம். காஞ்சிபுரத்துல சாயப்பட்டறையில வேலை. நாலு வருஷமா உங்க வண்டிதான்." அவன் விடியற்காலையிலேயே சைக்கிளில் பட்டறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தான். கூட வேலை செய்பவர் ஏகாம்பரத்தை எங்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்டது நிச்சயம். ஏறின அன்றைக்குக் காலையிலிருந்தே ஏகாம்பரத்துக்குத் தலைசுற்றல் இருந்ததாம்.

ஏகாம்பரம் என்ற பேருக்கு என் மனசில் முகம் வரவில்லை. நாலு வருஷம், வாரத்துக்கு இரண்டு தடவை, அவர் கையிலிருந்து காசு வாங்கியிருக்கிறேன். வரவில்லை. ஆனால் கணக்கு வந்தது. மூன்று தென்னேரி ஏறியது, மூன்று தென்னேரி இறங்கியது. "இங்க எறங்கிட்டாரும்மா" என்றேன். "பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டாள். இப்போதும் அந்த இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். பொய் சொல்லவேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை. பார்த்ததாகவே நம்பினேன். "பாத்தேம்மா" என்றேன். பஸ் நிறுத்தத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஏரிக்கரை மேலேதான் நடந்து போக வேண்டும். அக்காளும் தம்பியும் ஒரே சமயத்தில் ஏரிப் பக்கம் திரும்பினார்கள். கன்னியம்மா தம்பியிடம் சொன்னாள்: "கண்டக்டரண்ணன் கண்ணால பாத்தேங்கிறாரு. அப்போ காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பாத. வலைய எடுத்தாரச் சொல்லு."

ஏரிக்கரை

தென்னேரி ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிர்க்கரை லேசில் தெரியாது. கோடையில் சுருங்கிப்போயிருந்தாலும் மதகுப் பக்கம் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தது. அன்றைக்குப் பகல் முழுக்கத் தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். எங்கள் பஸ் தென்னேரியில் இருபது நிமிஷம் நிற்கும். இரண்டாம் நாள் மதியம் நான் கரைக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் கழியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மா மதகின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு தடவை கழி எதிலாவது மாட்டும்போதும் எழுந்து நின்றாள்.

தண்ணீரிலிருந்து ஒருவர் தலையைத் துவட்டிக்கொண்டு மேலே வந்தார். வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளையில் மேஸ்திரியாம். தென்னேரி அவருக்கு மாமனார் ஊர். என்னைப் பார்த்ததும் லேசாக அசடு வழிந்தார். "அன்னிக்கு நானும் உங்க வண்டியிலதாங்க வந்தேன். வாலாஜாபாத்துக்குத்தான் சீட்டு வாங்கினேன். ராத்திரியெல்லாம் சாமி பாத்த அசதி, தூங்கிட்டேன். கண்ண முழிச்சுப் பாத்தா தென்னேரி. சரி, மாமனார் வூடாச்சேன்னு எல்லாரோடயும் எறங்கிட்டேன். நீங்க கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

இறங்கிய மூன்று பேரில் ஒருவர் இவர். அப்படியானால் ஏறிய மூன்று தென்னேரியில் ஒன்று இங்கே வரவே இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக வாலாஜாபாத்திலோ நடுவிலோ இறங்கியிருக்கிறது. நான் சீட்டைப் பார்த்தேன், எண்ணிக்கையைப் பார்த்தேன், ஊரைப் பார்த்தேன். ஆளைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

மதகுக்குப் போய் அவளிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. அது முப்பது அடிகூட இருக்காது. "அம்மா, நான் அவரைப் பாக்கல. மூணு பேர் எறங்கினதைத்தான் பாத்தேன். அதுல ஒருத்தர் அவர் இல்ல" என்றேன். தம்பி என் சட்டையைப் பிடித்துவிட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். தண்ணீரைக் காட்டி என்னிடம் கேட்டாள்: "அப்போ இதுக்குள்ள அவரு இல்லேன்றீங்களா? இதையாவது பாத்துட்டுச் சொல்லுங்கண்ணா."

சிவப்புக் கை

அவளையும் தம்பியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் வந்தோம். முனுசாமி அண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டார். "நேரம் ஆனா ஆகட்டும். போய்க் கேட்டுட்டு வா" என்றார். பயணிகள் முணுமுணுத்தார்கள். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நிறுத்தத்தைச் சுற்றியிருந்த கடைகளில் கேட்டோம். ஏகாம்பரம் என்றோம். பேரை வைத்து யாருக்கு என்ன தெரியும்? தென்னேரிக்காரர் என்றோம். "தென்னேரிக்காரங்க தெனமும்தான் வராங்க போறாங்க" என்றார்கள். நீலச் சட்டை என்றாள் கன்னியம்மா. எதிரிலேயே மூன்று நீலச் சட்டை நின்றது. கடைசியாக ரைஸ் மில் வாசலிலிருந்த டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கிவிட்டு, "ஆளு இன்னா வேலை?" என்று கேட்டார். சாயப்பட்டறை என்றேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "செவப்புக் கையா? முழங்கை வரைக்கும்?"

ஆமாம், ஏகாம்பரம் அரக்குச் சாயத்தில் கைவிட்டு வேலை செய்கிறவர். நான் நாலு வருஷம் காசு வாங்கிய கை அது. எனக்கு ஏன் அது தெரியவில்லை என்று பிற்பாடு ரொம்ப யோசித்தேன். காஞ்சிபுரத்தில் சாயக் கை ஓர் அடையாளமே இல்லை. தெருவுக்குப் பத்துக் கை சிவப்பாக, பச்சையாக, நீலமாக நடமாடும். எல்லார் கையிலும் இருப்பதைக் கொண்டு ஒருவரைத் தனியாகப் பிடிக்க முடியாது. ஒன்பது மைல் தள்ளி, நெல் உமியும் தவிடும் பறக்கிற ரைஸ் மில் வாசலில், அதே கை நெருப்பு மாதிரி தெரிந்திருக்கிறது. காம்பு கையில் இல்லை. கை எந்தக் கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

முந்தாநாள் மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் கடை வரைக்கும் வந்து, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, பேச்சு வராமல் சாய்ந்துவிட்டாராம். மில்லுக்காரர்கள் லாரியில் போட்டுக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அப்போது மூச்சு இருந்தது என்றார் கடைக்காரர். கன்னியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "ரத்தம்னு நெனச்சு குடம் குடமா தண்ணி ஊத்திக் கழுவினோம்மா. போகவே இல்ல. எந்த வூட்டுக் கையோன்னு ரெண்டு நாளா எனக்கு டீ ஆத்தவே ஓடல."

லாரி கேஸ்

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் ஏகாம்பரம் என்று யாரும் இல்லை. தென்னேரி ஆள் என்றும் யாரும் இல்லை. பேச்சு வராதவரின் பேரும் ஊரும் யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை நான் கொஞ்சம் யோசித்தேன். இவர்கள் அவரை எங்கிருந்து பிடித்திருப்பார்கள்? இவர்கள் கண்ணுக்கு முதலில் வந்தது எது? "வாலாஜாபாத் லாரி" என்றேன். "ஓ, லாரி கேஸா? உள்ள, கடைசிக் கட்டில்" என்றார் வாசலில் இருந்தவர். லாரி அவரைத் தொடவே இல்லை. தூக்கிக்கொண்டு வந்ததோடு சரி. ஆனால் அங்கே அவர் லாரி. எனக்கு ஊர், டீக்கடைக்குக் கை, ஆஸ்பத்திரிக்கு லாரி. யார் சொன்னதும் தப்பில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் இருந்ததுதான் தப்பு.

உயிர் இருந்தது. வலது கையும் வலது காலும் அசையவில்லை. முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கன்னியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தச் சிவப்புக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அன்றைக்குத்தான் அவர் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, முன்பல் ஒன்று கொஞ்சம் வெளியே, காது மடலில் முடி. ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

நர்ஸம்மா சீட்டோடு வந்தாள். இதுவரை பேர் எழுதும் இடத்தில் கோடு போட்டிருந்தார்கள். பேர் என்ன என்று கேட்டாள். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். எனக்குப் பேர் தெரியும். வாயைத் திறந்தேன். கன்னியம்மா என்னை நிறுத்தும்படி கையைத் தூக்கினாள். பிறகு கட்டிலில் இருப்பவருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: "ஏகாம்பரம். நல்லா எழுதிக்கோம்மா. லாரி இல்ல, ஏகாம்பரம்."

ஒரு வாரம் முகம் பார்த்தேன்

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு சபதம். ஊரைக் கூப்பிடுவதில்லை, மூட்டையைக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, முடிந்தால் பேர் கேட்டுச் சீட்டுக் கொடுப்பது. முதல் நாளே காஞ்சிபுரம் எல்லையைத் தாண்டும்போதும் பாதிப் பேருக்குச் சீட்டுக் கொடுத்திருக்கவில்லை. ஒரு பெரியவர், "இன்னாபா, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறியா?" என்றார். ஒரு பெண்ணிடம் பேர் கேட்டதற்கு அவள் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். புதன்கிழமைக்குள் எனக்கு எந்த முகமும் ஞாபகத்தில் இல்லை. எல்லா முகத்தையும் பார்த்ததால் எதுவும் தங்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் மூன்று ட்ரிப் நேரம் தவறி, கம்பெனியில் விளக்கம் கேட்டார்கள். முனுசாமி அண்ணன், "எனக்குக் காலைக் காட்டினா போதும்பா, நான் ஓட்டிக்கினு போயிடுவேன். நீ மூஞ்சி மூஞ்சியா நிக்க வெச்சா வண்டி ஊர் போய்ச் சேராது" என்றார். அவர் சொன்னது நியாயம். காம்பு இல்லாமல் அகப்பையைத் தூக்க என்னால் முடியவில்லை. யாராலும் முடியும் என்று தோன்றவில்லை. ஆனாலும் அந்த வாரத்தோடு அதை விட்டுவிட்டதில் எனக்கு நிம்மதி வந்ததா, வெட்கம் வந்ததா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஏகாம்பரம் வைத்தியத்துக்குப் போய் வர எங்கள் பஸ்ஸில் ஏறினார். கன்னியம்மா ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். காலை இழுத்து இழுத்து நடந்தார். சாய வேலை போய்விட்டது. கை வெளுத்திருந்தது, நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. நான் பஸ்ஸுக்கே கேட்கும்படி, "வாங்க ஏகாம்பரம்! ஏகாம்பரத்துக்கு எடம் விடுங்கப்பா!" என்றேன். உட்காரவைத்தேன். திரும்பத் திரும்பப் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். சௌகரியமா என்று இரண்டு தடவை கேட்டேன். அவர் வாலாஜாபாத் வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தார். அங்கே பஸ் நின்று கூட்டம் முட்டி மோதி இறங்கிக்கொண்டிருந்தபோதும் நான் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவர் இடது கையால் என் பையைத் தொட்டு, இழுபடுகிற வாயால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "என் மூஞ்சிய... பாத்துக்கினே நிக்காதீங்கண்ணா. போய்... எறங்குறவங்களப் பாருங்க."

இப்போது நான் டைம் கீப்பர், பஸ்களை 'ஒன்பது இருபது', 'பத்து அஞ்சு' என்றுதான் கூப்பிடுகிறேன், ஒன்பது இருபது ஒன்பதே முக்காலுக்கு வந்து நிற்கிறது, அதனால் நான் திருந்திவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.